ஈயம் தின்ற ஊர்களும் எஞ்சி நின்ற அம்மிக்கல்லும்



யோர்தான் நாட்டின் தென்பகுதியில் வறண்ட பள்ளத்தாக்கு ஒன்றின் நடுவே கற்குவியல்கள் கிடக்கின்றன. அவ்விடத்திற்கு அரபு மக்கள் வழங்கிவரும் பெயர் 'கிர்பத் அந் நஹாஸ்'. 'செம்பின் இடிபாடு' என்பது அதன் பொருள். நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களின் அடித்தளங்கள், பக்கத்திற்கு ஏறத்தாழ 73 மீட்டர் நீளமுள்ள சதுரக் கோட்டை, செம்பை உருக்கியபின் கொட்டிய கருநிறக் கசடு மேடுகள் ஆகியவை அங்கே இன்றும் உள்ளன. 2002, 2006 ஆகிய ஆண்டுகளில் நடந்த அகழாய்வுகளின் வழி, கி.மு. பத்தாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் அங்கே செம்புத் தொழில் பெருமளவில் நடந்தமை தெரியவந்தது. ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பை அங்குள்ள மாணவன் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

நம் பேராக் மாநிலமும் சுரங்க மண்தான். 1900ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் உலகின் வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதியை மலாயா அளித்தது. அதில் தலைமையிடம் பெற்றது கிந்தா பள்ளத்தாக்கு. ஈப்போ, பத்து காஜா, கோப்பெங், கம்பார் ஆகிய ஊர்கள் ஈயத்தால் எழுந்தவை. அப்படியிருந்தும் "பழைய சுரங்க ஊர் எங்கே ஐயா?" என்று மாணவர் கேட்டால், சுட்டிக்காட்ட ஒரு கற்சுவர்கூட நம்மிடம் இல்லை. ஏன் இல்லை? இல்லாத இடத்தில் வரலாற்றை எப்படிக் கற்பிப்பது? இவ்விரு வினாக்களையும் பற்றியதே இக்கட்டுரை.

செம்புக்குத் துணை ஈயம்

இந்தப் பாடத்தைச் சமையலறையில் தொடங்கலாம். நம் பாட்டிமார் இரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் களிம்பு ஏறாமலிருக்கப் பூசிய ஈயமும் இதுவே. இப்பூச்சுக்குக் 'கலாய்' என்ற பெயரும் உண்டு. அச்சொல் உருது வழியாக நம்மிடம் வந்தது. அதன் மூலமான 'கலஈ' என்னும் அரபுச் சொல், மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அரபு வணிகர் அறிந்திருந்த 'கலாஹ்' என்னும் துறைமுகத்தின் பெயரிலிருந்து பிறந்திருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அது சரியாயின், நம் அடுப்பங்கரைச் சொல் ஒன்று இத்தீபகற்பத்து ஈயத்தின் பெயரைச் சுமந்து உலகைச் சுற்றி வந்திருக்கிறது!

செம்பு தனித்து நின்றால் மென்மையானது. அதனோடு பத்தில் ஒரு பங்கு அளவிற்கு வெள்ளீயம் சேர்ந்தால் கடினமான வெண்கலம் ஆகிறது. செம்பு உருக ஏறத்தாழ 1085 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். ஈயம் சேர்ந்த கலவை அதனினும் குறைந்த வெப்பத்தில் உருகி, அச்சின் நுண்ணிய மடிப்புகளிலும் ஓடிப் படியும். மணியும் குத்துவிளக்கும் தெய்வத் திருமேனியும் இந்த உறவின் பிள்ளைகள்.

ஆனால் இவ்விரு மாழைகளும் மண்ணில் கிடக்கும் முறை வேறு. செம்புத் தாது பெரும்பாலும் பாறைக்குள் இருப்பது. அதைத் தேடுவோர் ஓரிடத்தில் தங்கிப் பாறையை உடைக்க வேண்டும். உலை அமைக்க வேண்டும். கல் நிறைந்த வறண்ட நிலத்தில் கல்லாலேயே வீடு கட்டினார்கள். அதனால் அவர்களின் ஊர் நின்றது. கிந்தாவில் நிலைமை வேறு. மலைத்தொடர்களிலிருந்து மழையும் ஆறும் அரித்துக் கொணர்ந்த ஈயத்தாது, பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைத் தளத்தின்மேல் மணலோடும் சரளையோடும் கலந்து படிந்தது. மணலைப்போல் இரண்டரை மடங்குக்குமேல் எடை கொண்ட தாது அது. ஆகவே மண்ணை வெட்டி ஓடும் நீரில் அலசினாலே மணல் போய்விடும். ஈயத்தாது அடியில் தங்கிவிடும். 'டூலாங்' எனப்படும் மரத்தட்டு ஒன்றிருந்தால் ஒருவர் தனியாகவே அலசலாம்.

தன் ஊரைத் தானே தின்ற தொழில்

இத்தகைய தொழிலுக்குக் கல்வீடு எதற்கு? ஓரிடத்தில் ஈயமண் தீர்ந்தால் அடுத்த இடம். மரமும் மூங்கிலும் அத்தாப்புக் கூரையும் போதும். வெப்பமும் மழையும் கறையானும் நிறைந்த நம் நிலத்தில், கைவிட்ட குடிசை சில ஆண்டுகளிலேயே மண்ணாகிவிடும்.

அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. பழைய சுரங்கக்காரன் விட்டுச்சென்ற இடம் புதிய சுரங்கக்காரனுக்கு நல்ல அடையாளம். முன்னவன் கைக்கு எட்டாத ஆழத்தைப் பின்னவன் தோண்டினான். 1880களில் கிந்தாவை நோக்கிச் சீனத் தொழிலாளர்கள் பெருந்திரளாக வந்தனர். பின்னர் நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து உறிஞ்சும் பம்புகள் வந்தன. 1913இல் பத்து காஜா வட்டாரத்தில் ஈயக்கப்பல் இறங்கியது. தானே வெட்டிய குட்டையில் மிதந்துகொண்டு, முன்புறம் வாளிச் சங்கிலியால் மண்ணை அள்ளி உள்ளே அலசி, பின்புறம் கழிவைக் கொட்டிக்கொண்டே நகரும் இயந்திரம் அது. தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஐந்தாம் எண் ஈயக்கப்பல் 1938இல் கட்டப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 4,500 டன். அத்தகைய இயந்திரம் கடந்துசென்ற நிலத்தில் மேல்மண் எது, அடிமண் எது, எந்த நூற்றாண்டு எங்கே கிடந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை நொறுங்கியது. சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடின. ஈயக்குட்டைகளும் மணல்மேடுகளும் எஞ்சின. பல மேடுகள்மீது இன்று வீடமைப்புப் பகுதிகள் நிற்கின்றன. கிந்தாவில் கற்கால்கோள் இல்லாமைக்குக் காரணம் பழைய மக்கள் இல்லாமையன்று. ஈயத் தொழில் தன் பழைய ஊர்களைத் தானே தின்றுவிட்டது.

எட்டடி ஆழத்தில் இரண்டு அம்மிக்கற்கள்

தின்றபின்னும் சில பருக்கைகள் சிந்தியிருக்கின்றன. 1885ஆம் ஆண்டில், கிந்தாவின் சுரங்கக் கண்காணிப்பாளராக இருந்த ஆபிரகாம் ஹேல் என்பவர், இப்பள்ளத்தாக்கின் சுரங்கங்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் பற்றிய கட்டுரை ஒன்றை அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் வெளியிட்டார். பேரியந்திரங்கள் வருமுன் எழுதியது என்பதால் அதன் மதிப்பு பெரிது.

லாஹாட் குன்றின்மேல் கிணறு போன்ற ஆழ்குழிகள் ஐம்பதாவது இருந்தன என்கிறார் அவர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 அடி அகலம், 20 அடி ஆழம். இன்னும் உள்ளே, காட்டின் நடுவில், 50 அடி அகலமுள்ள பெருங்குழி ஒன்றையும் கண்டார். அதனை அங்குள்ள மக்கள் 'லோம்பொங் சியாம்', அஃதாவது சயாமியர் சுரங்கம் என்றனர். அதைச் சூழ்ந்து முதுபெருங்காடு வளர்ந்திருந்ததைக் கொண்டு அதன் பழமையை அவர் உணர்ந்தார். அக்காலத்தவர் நினைவில் வழங்கியிராத வடிவில் வார்த்த ஈயக்கட்டிகளும் கிடைத்ததாகக் குறிக்கிறார்.

அவர் தரும் இன்னொரு செய்திதான் நம்மைச் சற்று நிறுத்துகிறது. அவர் எழுதுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், எட்டடி ஆழத்தில், இயற்கையாகப் படிந்த மண்ணுக்குள், வழக்கத்திற்கு மாறான வடிவமுடைய அரைக்கும் கற்கள் இரண்டு சிதையாமல் கிடைத்தன. அவற்றைக் குறிக்க அவர் ஆண்ட சொல் நம் வழக்கில் 'அம்மிக்கல்' என்பதற்கு நேரானது. தானியம் அரைக்கப் பயன்பட்டிருக்கலாம் என்றும் அவர் கருதினார்.

இதைப் படித்தவுடன் நமக்குள் ஓர் ஆவல் துள்ளும். "அம்மிக்கல்லா? அப்படியானால் அது தமிழனுடையதுதான்!" என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் ஆசிரியர் நிற்க வேண்டும். அம்மியில் அரைக்கும் வழக்கம் மலாய்க் குடும்பங்களுக்கும் உண்டு. உலகின் பல இனத்தாருக்கும் உண்டு. அந்தக் கல் மெய்ப்பிப்பது ஒன்றே: ஈயமண் கிடக்கும் அந்நிலத்தில் நெடுங்காலத்திற்கு முன்னரே யாரோ அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள், அங்கே குழி மட்டுமன்று, குடியும் இருந்தது. அதுவே பெரிய செய்தியன்றோ?

'லோம்பொங் சியாம்' என்ற பெயரும் அப்படியே. தமிழகத்தில் பெருங்கற்கால ஈமக்குழிகளைப் 'பாண்டவர் குழி' என்பார்கள். சமண முனிவரின் கற்படுக்கைகளைப் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்பார்கள். பாண்டவருக்கும் அவற்றிற்கும் தொடர்பில்லை. தாம் வருமுன்னரே இருந்த ஒன்றுக்குத் தாம் கேள்விப்பட்ட பழம்பெயரைச் சூட்டுவது மக்கள் இயல்பு. சயாமியர் என்ற பெயர் 'மிகப் பழையது' என்பதைத்தான் உறுதியாகச் சொல்கிறது. தோண்டியவர் இன்னார் என்று சொல்லவில்லை.

சுரங்கம் திருப்பித் தந்த திருமேனி

அழித்த கையே சிலவற்றை வெளிக்கொணர்ந்தும் தந்தது. 1936இல் பீடோர் ஈயச் சுரங்கத்தில் எட்டுக் கைகளுடைய அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை கிடைத்தது. ஏறத்தாழ 79 செண்டிமீட்டர் உயரமுள்ள அச்சிலை மகாயான பௌத்தம் சார்ந்தது. ஈப்போவுக்கு அருகிலுள்ள பெங்காலான், தஞ்சோங் ரம்புத்தான் முதலிய இடங்களிலும் பௌத்த வெண்கலப் பொருள்கள் ஈய மண்ணுக்குள்ளிருந்து வந்தன. செம்பும் ஈயமும் கலந்த படிமம், ஈயம் தோண்டும் குழியிலிருந்தே வெளிப்பட்டது எண்ணத்தக்கது.

எனினும், இவை அகழாய்வாளர் தூரிகையால் துடைத்து எடுத்தவை அல்ல. வாளியும் மண்வெட்டியும் எடுத்தவை. எந்த அடுக்கில், எந்தப் பொருளோடு கிடந்தன என்ற குறிப்பு போய்விட்டது. சிலை மிஞ்சியது, அதைச் சுற்றியிருந்த ஊர் போய்விட்டது.

கல் பேசும் இடங்கள்

கல் முற்றிலும் இல்லையா என்றால், உண்டு. தென்பேராக்கின் சுங்காய், சிலிம், பெர்ணம் ஆற்று வட்டாரங்களில் கருங்கற் பலகைகளால் பெட்டிபோல் அமைத்த கல்லறைகள் 1920, 1930களில் ஆராயப்பட்டன. அவற்றில் மணிகளும் மட்பாண்டங்களும் இரும்புக் கருவிகளும் கிடைத்தன. தமிழகத்தின் கற்பதுக்கைகளைப் பார்த்தவருக்கு இவை உடனே நினைவில் ஓடும். ஆனால் உருவ ஒற்றுமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது. கற்பலகை கிடைக்கும் நாட்டில் கற்பலகையால் கல்லறை கட்டுவது எந்த இனத்தாருக்கும் தோன்றக்கூடியதே.

தமிழர் தடம் ஐயத்திற்கு இடமின்றித் தெரியும் கற்களும் உள்ளன. அவை பேராக்கில் இல்லை. இதே கடற்கரையின் வடக்கே, தென்தாய்லாந்தில் உள்ளன. கிராபி வட்டாரத்துக் குளோங் தோமில் கிடைத்த சிறு உரைகல்லில் 'பெரும்பதன் கல்' என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறது. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த பொற்கொல்லர் ஒருவரின் கருவி அது. ஈயமண்ணுக்குப் பெயர்பெற்ற தக்குவா பாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அவனிநாரணம் என்னும் குளம் வெட்டிய செய்தியையும், அது மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் விடப்பட்டதையும் அது கூறுகிறது. வணிகர் வந்து போனதோடு நில்லாமல், குளம் வெட்டித் தங்கவும் செய்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இந்த உறுதியோடு மற்றொன்றை ஒப்பிடுங்கள். புருவாசை மையமாகக் கொண்டிருந்ததாகச் சொல்லப்படும் கங்கா நகரத்தை முதலாம் இராசேந்திர சோழன் 1025இல் அழித்தான் என்று பலர் மேடையில் முழங்குகிறோம். தஞ்சைக் கல்வெட்டு அவன் வென்ற இடங்களை வரிசையாகக் கூறுகிறது. கடாரம் அதில் உண்டு, ஸ்ரீவிசயம் உண்டு, இலங்காசோகம் உண்டு. கங்கா நகரம் என்ற பெயர் அதில் இல்லை. அப்பெயர் 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் நூலின் மரபுக்கதையில் வருவது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது ஒரு கருத்து. கல்லில் வெட்டிய செய்தியன்று.

இன்னொன்று. வெள்ளீயச் சுரங்கத்திற்குப் பெயர்பெறாத தமிழகத்தில், ஆதிச்சநல்லூர் மக்கள் ஈயப் பங்கு மிகுந்த வெண்கலக் கலங்களை வைத்திருந்தனர். அந்த ஈயம் இங்கிருந்துதான் போயிற்று என்று சொல்ல மனம் விழையும். ஆனால் முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான 'பெரிப்ளுஸ்', முசிறிப் பக்கத்துத் துறைகளில் மேற்கிலிருந்து வந்து இறங்கிய சரக்குகளில் செம்பு, வெள்ளீயம், காரீயம் ஆகியவற்றையும் குறிக்கிறது. ஆகவே ஈயம் வந்த வழி ஒன்றே என்று முடிவுகட்டல் ஆகாது.

வகுப்பறையில் மூன்று பெட்டிகள்

அப்படியானால் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது? நான் ஒரு முறையைப் பரிந்துரைக்கிறேன். கரும்பலகையில் மூன்று பெட்டிகள் வரையுங்கள்.

1. கண்டது: கையால் தொடக்கூடியது அல்லது எழுத்தில் உள்ளது. லாஹாட் குழிகள், எட்டடி ஆழத்து அரைகற்கள், பீடோர் சிலை, தக்குவா பா கல்வெட்டு.
2. கருதுவது: கண்டதைக் கொண்டு அறிஞர் உய்த்துணர்வது. 'கலாய்' என்ற சொல்லின் பிறப்பு, கங்கா நகரத்தின் இருப்பிடம்.
3. கதைப்பது: மக்கள் வாய்வழி வழங்குவது. சயாமியர் சுரங்கம் என்ற பெயர், பாண்டவர் குழி என்ற பெயர்.

பின்னர் ஒவ்வொரு செய்தியையும் எந்தப் பெட்டியில் இடுவது என்று மாணவர்களையே கேளுங்கள். மூன்றாம் பெட்டி இழிந்ததன்று. மக்களின் நினைவும் மதிக்கத்தக்கதே. பெட்டி மாறி இடுவதுதான் பிழை. பொய்ப்பெருமையை ஊட்டி வளர்த்த பிள்ளை, நாளை பல்கலைக்கழகத்தில் ஒருவர் சான்று கேட்கும்போது தலைகுனிவான். அன்று அவன் பொய்யை மட்டும் உதறமாட்டான். நாம் சொன்ன மெய்யையும் சேர்த்தே உதறிவிடுவான். இதுதான் நாம் அஞ்ச வேண்டிய இழப்பு.

நாளை நம்மைத் தேடுவோருக்கு

கிந்தாவின் பழைய சுரங்க மக்களுக்கு நேர்ந்தது இன்று நமக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பத்து காஜாவுக்கு அருகில் கெல்லி மாளிகை நிற்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி சுமித் 1915இல் தொடங்கிய அக்கட்டடம், 1926இல் அவர் இறந்ததால் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். அதைக் கட்டுவதில் தென்னிந்தியத் தொழிலாளர்களின் உழைப்பு கலந்திருக்கிறது. செங்கல்லும் சுண்ணமும் கொண்டு கட்டியதால் மாளிகை நிற்கிறது. உழைத்தவர்கள் குடியிருந்த வீடுகள் எங்கே?

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் நம்மவர் வாழ்ந்த லயத்து வீடுகள் பெரும்பாலும் பலகையும் தகரமும் கொண்டவை. பிரட்டுக் களம், பால் நிறுக்கும் கொட்டகை, ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், ஒற்றை அறைத் தமிழ்ப்பள்ளி என நூறாண்டு வாழ்வு அங்கே நடந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, இரப்பர் மரம் சாய்ந்து செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. மக்கள் பட்டணத்து அடுக்குமாடிக்குப் பெயர்ந்தனர். மண்வாரி இயந்திரம் ஒரு முற்பகலில் லயத்தை நிரவிவிடும். ஈயக்கப்பல் செய்த அதே வேலைதான்!

அடுக்குமாடிக்கு ஏறியவர்கள் பலர் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் சுமந்துசெல்ல முடியாமல் பின்கட்டிலேயே விட்டுச் சென்றனர். இன்னும் முந்நூறு ஆண்டுகள் கழித்து ஒருவர் எட்டடி ஆழத்தில் அந்த அம்மிக்கல்லைக் கண்டெடுத்தால், அது யாருடையது என்று எப்படி அறிவார்? நம் சொல் எழுத்தில் இருந்தால் அறிவார். இல்லையேல், அவரும் கல்லின் வடிவத்தைக் குறித்து வைத்துவிட்டுக் கடந்துசெல்வார்.

ஆகவே, ஆசிரியர்களும் பெற்றோர்களும் இப்போதே செய்யத்தக்க சில பணிகள்:

- பள்ளி விடுமுறையில் ஒவ்வொரு மாணவனும் தன் தாத்தா அல்லது பாட்டி வாழ்ந்த தோட்டத்தின் வரைபடத்தை அவர் சொல்லச் சொல்ல வரையட்டும். லயம், கோயில், கிணறு, ஆறு, பள்ளி ஆகியவை அதில் இடம்பெறட்டும்.
- தோட்டத்திற்கு ஆவணங்களில் உள்ள ஆங்கிலப் பெயரையும் நம் மக்கள் வழங்கிய தமிழ்ப்பெயரையும் இணைத்து எழுதட்டும். தமிழ்ப்பெயர் எந்த அரசு ஏட்டிலும் இராது.
- வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்புறம் ஆண்டு, இடம், இருப்பவர் பெயர் ஆகியவற்றை எழுதிவையுங்கள். பெயரில்லாப் படம் அடுக்கிழந்த சிலைக்கு நிகர்.
- இடம்பெயர்ந்த கோயில், பள்ளி ஆகியவற்றின் கல்வெட்டு, மணி, வருகைப் பதிவேடு ஆகியவற்றை நிழற்படமாகவேனும் காத்துவையுங்கள்.
- ஒரு செய்தியைச் சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார் என்பதைக் குறிக்காமல் எதையும் எழுதிவிடாதீர்கள். மூன்று பெட்டிப் பாடம் இங்கேயும் பொருந்தும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா. நாற்பது பக்க நோட்டுப் புத்தகமும் ஓர் எழுதுகோலும் போதும். கேட்பதற்குப் பொறுமையும், சொல்வதற்கு முதியவர் உயிரோடு இருப்பதுமே இன்றியமையாதவை. பொறுமையை நாம் வளர்த்துக்கொள்ளலாம். முதியவரின் ஆயுளை நீட்டிக்க முடியாது.

1885இல் எழுதிய அக்கட்டுரையில் அந்த இரண்டு கற்களுக்குக் கிடைத்த இடம் சில வரிகளே. அவ்வரிகளை எழுத ஒருவர் உட்கார்ந்ததால்தான், பெயர் தெரியாத அந்தச் சமையற்கட்டைப் பற்றி நாம் இன்று பேசிக்கொண்டிருக்கிறோம். நம் தோட்டங்களுக்கும் அச்சில வரிகளை எழுதிவைப்போம்!

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியன், பேராக்